மகள் வேலை பார்க்கும் திராட்சை ஊர்

காரை விட்டு இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார் என் வீட்டுக்காரர்.

பிப்ரவரி மாதம். டெல்லியில் நாங்கள் அப்போதும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. நாசிக்கிலோ காலையிலேயே முதுகு சுட்டது. செம்மண் பாதையோரம் கார் நின்றிருந்தது. வலது பக்கம் ஒரு கம்பிக் கேட். அதற்கு அப்பால் மேடும் பள்ளமுமாக இறங்கிப் போகும் நிலத்தில் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். எங்கிருந்தோ புளிப்பும் இனிப்பும் கலந்த வாசனை வந்துகொண்டிருந்தது. தோசை மாவு பொங்கி வழிந்த சமையலறைக்குள் யாரோ பழக்கூடையைக் கவிழ்த்துவிட்ட மாதிரி.

"அப்பா, பத்து நிமிஷம். சும்மா பாத்துட்டு வந்துடலாம்" என்றாள் எங்கள் மகள் கயல்.

"நீ போய்ட்டு வா. நான் இங்கேயே இருக்கேன்."

"வெயில் ஏறுதுப்பா."

"ஏறட்டும்."

முந்தின நாள் வாங்கிய பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அதை அவர் ஏற்கெனவே விளம்பரம் வரைக்கும் படித்து முடித்தாயிற்று என்று எனக்குத் தெரியும்.

எனக்கு ஒரு கால் காருக்குள்ளும் ஒரு கால் செம்மண்ணிலும் இருந்தது. கேட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் டெல்லி திரும்பினால் எனக்குத் தூக்கம் வராது. இவரைத் தனியே விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை.

அந்தக் கேட் வரைக்கும் நாங்கள் வந்து சேர்ந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

நாயக் சாப்

இவரைப் பற்றி இந்தத் தொடரில் அங்கங்கே எழுதியிருக்கிறேன். இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்காக நாலு வரி.

பெயர் தெய்வநாயகம். கோல் மார்க்கெட் பக்கத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அதிகாரியாக ஓய்வு பெற்றார். தெய்வநாயகம் என்று சொல்ல வராத வடக்கத்திக்காரர்கள் அவரை 'நாயக் சாப்' ஆக்கிவிட்டார்கள். ஜனக்புரியில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்கிறவர்கள் அந்தப் பெயரைச் சொன்னால்தான் வந்து சேர முடியும்.

நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் இவர் பேசும் தமிழ் எனக்குப் பாதிதான் விளங்கும். "அச்சா, ஜல்தி கிளம்பு, பஸ் நிகல் ஜாயேகி" என்பார். பஸ் போய்விடும் என்று அர்த்தமாம். "என்ன சொல்லுதீய?" என்று நான் கேட்டால், அதைக் கேட்டுச் சிரிப்பார். பாங்க் வேலையில் சேர்ந்து, கவுன்ட்டரில் சர்தார்ஜிகளோடு மல்லுக்கட்டி, நானும் இந்தி படித்துவிட்டேன். இப்போது கோபம் வந்தால் இந்தியிலும், அழுகை வந்தால் திருநெல்வேலியிலும் பேசுகிறேன்.

எதைப் பற்றியும் சிரித்துப் பேசக்கூடிய மனிதர்தான் இவர். குடியைப் பற்றி மட்டும் பேசவே மாட்டார். ஆபீஸில் யாருக்காவது பிரிவு உபசார விருந்து நடந்தால், கண்ணாடிக் கோப்பைகள் மேஜைக்கு வரும் நேரம் பார்த்து வீடு வந்து சேர்ந்துவிடுவார். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் கல்யாணத்துக்குப் போனால், சாப்பாட்டை முடித்த கையோடு, "ச்சலோ" என்று என் முழங்கையைத் தொடுவார்.

என் மாமனார் குடியால் செத்தவர். எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே அது நடந்து முடிந்துவிட்டது. "எங்கப்பாவுக்கு லிவர் போயிடுச்சு" என்று ஒரே ஒரு முறை இவர் என்னிடம் சொன்னார். நானும் அதற்கு மேல் தோண்டவில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். அவள் ஒயின் செய்யும் வேலைக்குப் போனாள்.

மூக்கால் வளர்ந்த பிள்ளை

கயல் என்று ஆசையாகப் பெயர் வைத்தது நான். டெல்லிப் பள்ளிக்கூடத்தில் அது 'காயல்' ஆகிவிட்டது. இந்தியில் அதற்குக் காயம்பட்டவள் என்று பொருள். "காயல் வந்துட்டா, கட்டுப் போடுங்க" என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். ஒரு வருஷம் முழுக்க அழுதாள். அடுத்த வருஷத்திலிருந்து அவளே சொல்லிச் சிரித்தாள்.

சின்ன வயசிலிருந்தே எதையும் மோந்து பார்க்காமல் வாயில் வைக்க மாட்டாள். மாடிப்படி ஏறி வரும்போதே, "ரெண்டாவது மாடி ஆன்ட்டி ராஜ்மா, நம்ம வீட்டுல வத்தக்குழம்பு" என்று சொல்லிக்கொண்டு வருவாள். சீயக்காய்ப் பொடி தீர்ந்து புதுப் பொட்டலம் பிரித்தால், "இது போன தடவை வாங்கினது மாதிரி இல்லம்மா" என்பாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

வேதியியல் படித்தாள். ஜூஸ் தயாரிக்கும் இடத்தில் கொஞ்ச நாள் வேலை பார்த்தாள். அங்கிருந்து பயிற்சிக்கென்று நாசிக் போனவள், ஒரு நாள் போனில், "அப்பா, இங்கயே ஒரு ஒயினரில வேலை கிடைச்சிருக்கு. மத்லப், அதாவது, ஒயின் எப்படிப் பண்ணணும்னு பாத்துக்கற வேலை" என்றாள்.

இவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு ஒரு வருஷத்துக்கும் மேலாக அப்பாவும் மகளும் பேசிக்கொண்டதை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். உடம்பு நல்லா இருக்கா, சாப்பிட்டியா, அம்மாகிட்ட குடுக்கறேன். காலனியில் யாராவது கேட்டால், 'ஃபுட் லைன்' என்பார். தீபாவளிக்கு அவள் வந்தபோதும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நடுவில் நான் இருவருக்கும் பலகாரம் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

இவருக்கு மானப் பிரச்சினை என்றுதான் நான் நினைத்திருந்தேன். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கவலை. அப்படி நினைத்து மனசுக்குள் எனக்கு அவர்மேல் கோபமும் இருந்தது.

ஜனவரி முடியும்போது கயல் போன் செய்தாள். "அம்மா, ரெண்டு பேரும் வாங்க. கோதாவரி இருக்கு, பஞ்சவடி இருக்கு, குகை இருக்கு, டேம் இருக்கு. தோட்டத்துக்கு வரலன்னாலும் பரவாயில்ல. நான் இருக்கற ஊரையாவது அப்பா பாக்கட்டும்."

இவர், "கோயில் பாக்கலாம், ஆறு பாக்கலாம். தோட்டத்துக்குக் கூப்பிடக் கூடாது" என்றார். நிஜாமுதீனில் ரயில் ஏறினோம். மூடுபனியில் ரயில் தாமதமாகத்தான் கிளம்பியது. வழி நெடுக இவர் தூங்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

ஆற்றுக்குள் நிற்கும் மாருதி

நாசிக்கை நான் கோயில் ஊர் என்று மட்டும்தான் கேள்விப்பட்டிருந்தேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும், பெரிய போர்டு ஒன்றில் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஒயின் கோப்பையும் வரைந்திருந்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் சந்தோஷமாக இருந்தன. அந்த ஊரே அப்படித்தான் என்று பிறகு புரிந்தது.

முதல் நாள் ஆற்றங்கரை. கோதாவரியை அங்கே படித்துறைகளுக்கு நடுவே குளம் குளமாகக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு பக்கம் ஆட்கள் முங்கி எழுகிறார்கள், இன்னொரு பக்கம் துணி துவைக்கிறார்கள், கொஞ்சம் தள்ளிக் கொத்தமல்லிக் கட்டு விற்கிறார்கள். ஆற்றுக்குள்ளேயே சின்னச் சின்னக் கற்கோயில்கள். நடுவில் செந்தூரம் பூசிய பெரிய மாருதி நிற்கிறார். முன்னால் ஒரு முகம், பின்னால் ஒரு முகம்.

எதற்கு இரண்டு முகம் என்று பூ விற்ற அம்மாளிடம் கேட்டேன். அவளுக்கு அது தெரியவில்லை. ஆனால் வேறொன்று சொன்னாள். மழைக்காலத்தில் ஊர்க்காரர்கள் வெள்ளத்தை இவரை வைத்துத்தான் அளப்பார்களாம். முழங்கால் வரைக்கும் தண்ணீர் வந்தால் பயமில்லை. இடுப்புக்கு வந்தால் ஆற்றங்கரைக் கடைகளைக் காலி செய்ய வேண்டும். கழுத்துக்கு ஏறினால் பழைய ஊரே மேட்டுக்கு ஏறிவிடுமாம்.

இவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "நம்ம யமுனைல இப்படி ஒரு மாருதியை வெச்சா, கழுத்து வரைக்கும் நுரைதான் இருக்கும்" என்றார். கயல் சத்தமாகச் சிரித்தாள். மெட்ரோவில் யமுனையைத் தாண்டும்போதெல்லாம் நாங்கள் பார்க்கிற நுரை அது. அப்பா சொன்ன பேச்சுக்கு மகள் சிரித்து நான் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

மறுநாள் ஊருக்கு வெளியே குன்றில் குடைந்த குகைகளுக்குப் போனோம். பாண்டவர் குகை என்று பெயர். ஆனால் பாண்டவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் பௌத்த பிக்குகள் தங்கிய இடம். ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. இவர் எனக்கு முன்னால் போய் மேலே நின்றுகொண்டு, "ஜல்தி வா, செண்பகம். நல்லா காத்து வருது" என்று கூப்பிட்டார்.

பிக்குகள் படுத்த கல் மேடைகள் அப்படியே இருந்தன. நான் ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு யாரும் பார்க்காத சமயம் படுத்தும் பார்த்தேன். முதுகுக்குச் சில்லென்று இருந்தது. ஒரு போர்வையும் தலையணையும் கிடைத்தால் நன்றாகத் தூங்கலாம் என்று தோன்றியது. அந்த பிக்குகள் மழைக்கால மாலைகளில் பொழுது போக என்ன செய்திருப்பார்கள் என்று கயலிடம் கேட்டேன். "உன்ன மாதிரியே கேள்வி கேட்டுட்டு இருந்திருப்பாங்க" என்றாள்.

குன்றுக்குக் கீழே வந்து மிசல் சாப்பிட்டோம். பயறுக் குழம்பில் மிக்சரைக் கொட்டிப் பன்னோடு கொடுப்பார்கள். காரத்தில் இவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் கார் மேற்குப் பக்கம் திரும்பித் திராட்சைத் தோட்டங்கள் தென்பட ஆரம்பித்ததும் இவர் பேச்சு நின்றுவிடும். கயலும் வெளியே பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

கேட்டுக்கு உள்ளே

மூன்றாவது நாள் அணைக்கட்டைப் பார்க்கக் கிளம்பினோம். கோதாவரியை மறித்துக் கட்டிய அணை, நகரத்துக்கு மேற்கே. பெரிய ஏரி மாதிரி தண்ணீர் நிற்கும், படகு விடுவார்கள் என்று கயல் சொல்லியிருந்தாள். போகிற வழியில் அவளுக்குப் போன் வந்தது. வெயிலில் ஒரு பக்கத்துக் கொடிகள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் பழுத்துவிட்டனவாம். பழம் வந்து இறங்கியிருக்கிறது, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போ என்றார் முதலாளி. அப்படித்தான் அந்தக் கேட்டில் கார் நின்றது.

முதலாளி வெளியே வந்தார். பாட்டீல் என்று பெயர், பரம்பரைத் திராட்சை விவசாயி. காருக்குள் இருந்தவருக்குக் கை கூப்பினார். இவரும் மரியாதையாகக் கை கூப்பினார். அவர் திரும்பியதும் என்னிடம் தமிழில், "பேரே பாட்டிலா?" என்றார்.

நான் இன்னொரு காலையும் செம்மண்ணில் வைத்தேன். "நான் போய்ப் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

கம்பம் பக்கத்தில் திராட்சையைப் பந்தல் போட்டு வளர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே பந்தல் இல்லை. ஆள் உயரக் கம்பிகளில் கொடிகள் நின்ற வாக்கில் படர்ந்திருந்தன. குலையும் சின்னது, பழமும் சின்னது. ஒன்றைப் பறித்து வாயில் போட்டேன். தோல் தடிப்பு, உள்ளே பாதி இடம் கொட்டைக்கு. ஆனால் சாறு வெல்லப்பாகு மாதிரி இனித்தது. இவ்வளவு இனிப்பு எதற்கு என்று கேட்டேன். இனிப்புதான் போதையாக மாறுகிறது என்றாள் கயல். எப்படி மாறும் என்று கேட்டேன். சொல்லிக்கொண்டே நடந்தாள்.

ஷெட்டுக்குள் எங்கள் வீட்டைவிட உயரமான எவர்சில்வர் தொட்டிகள். ஒரு இயந்திரம் குலையை வாங்கி, காம்பை ஒரு பக்கமும் பழத்தை ஒரு பக்கமும் பிரித்துத் தள்ளியது. என் மகள் ஏணியில் ஏறினாள், கண்ணாடிக் குழாயில் சாறு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள், கீழே நின்ற ஆட்களிடம் மராத்தியில் ஏதோ சொன்னாள். அவளைவிட மூத்த ஆண்கள், "ஹோ, மேடம்" என்று ஓடினார்கள். வீட்டில் தன் துண்டைக் கொடியில் போடத் தெரியாத பெண். நான் அவளை ஒரு வேலையில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என்னவோ எனக்கு அவளிடம் பேசவே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

பின்னால் இருந்த அறை குளிர்ச்சியாக இருந்தது. மரப் பீப்பாய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கயல் ஒன்றிலிருந்து நீளக் குழாயால் கொஞ்சம் சிவப்பு ஒயினை எடுத்துக் கோப்பையில் விட்டாள். போன வருஷத்துப் பழமாம்.

"வாசம் மட்டும் பாரும்மா."

பார்த்தேன். முதலில் நாவல்பழம். அப்புறம் மிளகு. அப்புறம் நனைந்த மரக்கட்டை. இவ்வளவும் எப்படி உள்ளே போயின என்று ஆச்சரியமாக இருந்தது. வாசம் இப்படி இருந்தால் ருசி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமே. கோப்பையை வாயில் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் இவர் நின்றார். கையில் மடித்த பேப்பர்.

"இங்க பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டார். பாட்டீல் வீட்டு ஆள் ஒருவர் கை காட்டினார். இவர் என்னையும் பார்த்தார், கோப்பையையும் பார்த்தார். அந்த ஆள் காட்டிய பக்கம் போய்விட்டார்.

வாயில் வைத்ததை நான் விழுங்கிவிட்டேன். முதலில் புளிப்பு. பிறகு நாக்கெல்லாம் சுருங்கிக்கொண்டது. "பச்சைப் பாக்கைக் கடிச்ச மாதிரி இருக்கு, ஏட்டி" என்றேன். கயலுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அதேதான்மா, பாக்கு மாதிரி துவர்ப்பு. வர்றவங்க யாருக்கும் அதைச் சொல்லத் தெரியாது." தானும் ஒரு வாய் எடுத்து, வாய்க்குள் சுழற்றி, பக்கத்தில் இருந்த வாளியில் பீச்சித் துப்பினாள்.

வெளியே வந்தால் காரில் இவர் இல்லை. தண்ணீர் இருக்கிற பக்கம் நடந்து போனார் என்றார் டிரைவர்.

பெடல் போட்

பாதை முடிகிற இடத்தில் ஏரி ஆரம்பித்தது. கருவேல மரத்து நிழலில் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கரையில் அன்னப்பறவை உருவத்தில் நாலைந்து பெடல் போட்டுகள் கட்டியிருந்தன. வேறு யாருமில்லை.

திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"பச்சைப் பாக்கு மாதிரி."

தலையை ஆட்டினார். அவ்வளவுதான். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கயல் எங்கள் எதிரில் வந்து நின்றாள். "அப்பா, போட்ல போலாமா? புரானா கிலால போவோமே."

அவள் சின்னவளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் அவளைப் பழைய கோட்டை ஏரிக்குக் கூட்டிப்போவார். அவளுக்குக் கால் எட்டாது. இவர் ஒருவரே மிதிப்பார். போட் வட்டமாகச் சுற்றும். அதுதான் வேண்டும் என்று கத்துவாள். இவர் மறுப்பார் என்று நினைத்தேன். எழுந்து போய் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார்.

அவர்கள் இருவரும் முன்சீட்டில், நான் பின்சீட்டில். கரையிலிருந்து கொஞ்ச தூரம் மிதித்தார்கள். நீர்க்காகங்கள் முங்கி முங்கி எழுந்தன. தூரத்தில் மலைகள் தட்டையான தலையோடு நின்றன.

"உன் வேலைல தினம் குடிக்கணுமா?" இவர் திரும்பாமலே கேட்டார்.

"குடிக்கறதில்லப்பா. வாய்ல வெச்சுப் பாத்துட்டுத் துப்பிடுவேன்."

"துப்பிடுவியா?"

"எல்லாருமே அப்படித்தான். நாள் பூரா டேஸ்ட் பண்ணணும். முழுங்கினா வேலை பாக்க முடியாதுப்பா."

இவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார். போட் ஒரு பக்கமாகத் திரும்பியது. பின்னால் என்னைப் பார்த்து, "துப்பினாளா?" என்று கேட்டார்.

"துப்பினா. என் கண்ணு முன்னாடியே. குழாய்த் தண்ணி மாதிரி."

பிறகு, எனக்கே இத்தனை வருஷத்தில் சொல்லாததை, தண்ணீர் நடுவில் வைத்துச் சொன்னார்.

"எங்கப்பா குடிகாரரா டெல்லிக்கு வரல. குளிர் தாங்காம இருமிட்டே இருந்தார். யாரோ வெந்நீர்ல கொஞ்சம் ரம் ஊத்திக் குடுத்தாங்க. மருந்து மாதிரிதான் ஆரம்பிச்சார். அவர் மாதிரி டைப் அடிக்க அவர் ஆபீஸ் பில்டிங்லயே ஆள் கிடையாது. கடைசில விரல் நடுங்கி ஒரு வரி அடிக்க முடியல."

கயலும் மிதிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. அதே பில்டிங். ஒரு நாள் எங்க ஆபீசர் கூப்பிட்டு, கீழ மாடிப்படில உங்கப்பா விழுந்து கிடக்கார், போய்ப் பாருன்னார். எல்லாரும் பாக்கத் தோள்ல தூக்கிட்டுப் போனேன். கனமா இருப்பார்னு நெனச்சேன். ஒண்ணுமே இல்ல. அவ்வளவு லேசா இருந்தார். அதை மட்டும் மறக்கவே முடியல."

கை விரல்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க சித்தப்பாவும் அப்படித்தான் போனார். எங்க ரத்தத்துல இருக்கும்மா அது. ஒரு தடவை தொட்டா நான் விட மாட்டேன்னு எனக்குத் தெரியும். அதான் தொட்டதே இல்ல. நீ என் பொண்ணு. நீ இங்க தனியா இருக்கே. பீப்பா பீப்பாவா வெச்சுட்டு."

இத்தனை நாளும் மானம் என்று நான் நினைத்துக் கோபப்பட்டது மானமே இல்லை. ஒவ்வொரு தடவை போன் வந்தபோதும் இந்த மனிதர் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

கயல், 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா' என்று சொல்லித் தள்ளிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்கும் அந்த பயம் இருக்குப்பா" என்றாள். "தாத்தாவுக்கு லிவர்னு அம்மா சொன்னப்பவே காலேஜ்ல புரிஞ்சுடுச்சு. அதனால என் ரூம்ல ஒரு பாட்டில்கூட வெச்சுக்கறதில்ல. வேலை முடிஞ்சா டீதான். பார்ட்டிக்குப் போனா நிம்பு பானி, வெறும் எலுமிச்சைத் தண்ணி. பாட்டீல் சார்கிட்டயும் முதல் நாளே சொல்லிட்டேன், எங்க வீட்டுல இப்படின்னு. கவனிச்சுக்கங்கன்னு."

"முதலாளிகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அவங்க வீட்டுலயும் ஒருத்தர் அப்படித்தானாம்."

"இவ்வளவு பயத்தோட இந்த வேலை எதுக்கும்மா?"

அவள் யோசித்தாள். தமிழில் சொற்கள் தேடினாள் என்று நினைக்கிறேன். "போன வருஷம் மழை எப்ப வந்துச்சு, வெயில் எவ்வளவு அடிச்சுச்சு, எல்லாம் நாக்குல தெரியும்பா. மத்லப், ஒரு வருஷம் பூரா அதுல இருக்கும். எனக்கு மூக்கு மட்டும்தான் நல்லா வேலை செய்யுது. அதுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்கல."

கரையிலிருந்து போட்காரர் விசில் அடித்தார். நாங்கள் நடு ஏரியில் மிதிக்காமல் நின்றுகொண்டிருந்தது அவருக்குக் கவலையாகிவிட்டது போலிருக்கிறது. இருவரும் மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்கள்.

கரை நெருங்கும்போது இவர், "நாளைக்கும் பழம் பறிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்பா. வெயில் ஏறதுக்கு முன்னாடியே பறிக்கணும். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

பறிப்பு

மறுநாள் விடியும்போது எனக்கு முன்னால் குளித்துவிட்டுத் தயாராக இருந்தார். ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லாய். டெல்லிக்காரரின் முழு உடுப்பு. திராட்சை வரிசைகளுக்கு நடுவில் அந்தக் குல்லாயைப் பார்த்து, பறிக்க வந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

அன்றைக்கு வெள்ளைத் திராட்சை. இவருக்கும் எனக்கும் ஆளுக்கொரு சின்னக் கத்தரிக்கோலும் பிளாஸ்டிக் கூடையும் கொடுத்தார்கள். இலைகளில் பனி ஈரம். விரல் சில்லிட்டது, கொஞ்ச நேரத்தில் பிசுபிசுத்தது. அந்தப் பெண்கள் பேச்சும் கையுமாக முன்னால் போய்விட்டார்கள். இவர் ஒவ்வொரு குலையையும் பழைய ஃபைல் மாதிரி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டினார். கெட்டுப்போன பழம் ஒன்று தென்பட்டால் கயலைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளும் ஒவ்வொரு தடவையும் வந்து பார்த்தாள்.

வெயில் ஏறியதும் பறிப்பு நின்றது. பாட்டீலின் மனைவி இஞ்சி தட்டிப் போட்ட டீ கொடுத்தார். இவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கயலிடம், "நீ வேலை பாக்கற ரூமைக் காட்டு" என்றார்.

முந்தின நாள் பார்த்ததற்கு அடுத்து, பின்கட்டில் இன்னொரு சின்ன அறை. கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள், மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சாறு நுரைக்கும்போது வருகிற காற்று உள்ளேயே தங்கக் கூடாதாம். சில நாள் முன்பு பறித்த வெள்ளைத் திராட்சையின் சாறு பீப்பாய்களில் இருந்தது. வாசலிலேயே இவர் ஒரு நிமிஷம் நின்றார். அந்தப் புளித்த வாசனை. அவருக்கு அது என்னென்ன ஞாபகப்படுத்தும் என்று முந்தின நாள்தான் எனக்குத் தெரிந்திருந்தது. நான் அவர் முழங்கையைத் தொடப்போனேன். அதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

கயல் ஒரு பீப்பாயைத் தட்டிக் காட்டினாள். "காது வெச்சுக் கேளுங்கப்பா."

குல்லாயைக் கழற்றிவிட்டுக் குனிந்து பீப்பாய் மேல் காதை வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"சலசலன்னு சத்தம் வருதே."

"சக்கரை எல்லாம் மாறிட்டு இருக்குப்பா. அதான் பொங்குது."

"எப்ப அடங்கும்?"

"சக்கரை தீர்ந்ததும் அதுவே அடங்கிடும். அதுவரைக்கும் சூடு ஏறிடாம யாராவது பக்கத்துலயே இருந்து பாத்துக்கணும்."

"யார் பாத்துக்கறா?"

"நான்தான்."

இவர் நிமிர்ந்து, குல்லாயை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இங்க ஒரு நாற்காலி கிடைக்குமா?"

கயல் ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தாள். அவர் அதை வாங்கி, பீப்பாய்க்குப் பக்கத்தில் போட்டு, அவளை உட்காரச் சொன்னார். நான் அவருக்கு இன்னொரு நாற்காலி தேடிக்கொண்டு வெளியே போனேன்.